எட்டாம் முளைக்காரன்

சாம்பவியின் விமானம் டோர்வலில் இறங்கும் நேரம் பிற்பகல் நாலு பத்து. கலியாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள் அவளைக் கொழும்பில் விட்டுவிட்டு மொன்ட்ரியாலுக்குத் திரும்பியவன் கஜீவன். அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் ஸ்பொன்சர் விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, தொலைந்த கோப்பு, கண்டெடுத்த கோப்பு, கோப்பு தொலைந்த காலத்தில் காலாவதியான மருத்துவப் பரிசோதனைக்குப் பதிலாக இன்னொரு மருத்துவப் பரிசோதனை என்று போய்விட்டன. ஒருவழியாக விசா வந்தது. 2006ஆம் ஆண்டு யூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவள் வருகிறாள். அதே ஞாயிற்றுக்கிழமையில்தான் மொன்ட்ரியால் மாநகரத் தமிழர் நன்னீர்த் தூண்டில் கழகம் தன்னுடைய முதலாவது வருடாந்தப் போட்டியை வைத்திருந்தது.

கஜீவனுக்கும் தூண்டிலுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. மீன் என்றால் அவனுக்குக் கடையில் கைகாட்டி வாங்கி, வெட்டித் துப்புரவாக்கச் சொல்லிவிட்டு மற்றப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற சாமான். ஆனால் கழகத்தின் ஸ்தாபகத் தலைவர் விமலநாதன், டோர்வல் விமானநிலையத்தில் அவன் பெட்டி தூக்குகிற பகுதிக்கு மேற்பார்வையாளர். யார் எந்தக் கிழமை எந்த நேரம் வேலைக்கு வருவது என்று அட்டவணை எழுதுகிறவர் அவர்தான். பனிக்காலத்து இரவு வேலை ஒருவனுக்கு வருவதும் வராமல் போவதும் அவருடைய பேனையில் இருந்தது.

"மனுசி வாறா அண்ணை. திங்கள், செவ்வாய், புதன் மூண்டு நாள் லீவு வேணும்," என்று கேட்கப் போனான்.

"தாறன். ஏன் தராமல்? ஆனா ஞாயிற்றுக்கிழமை எங்கடை போட்டிக்கு ஒரு ஆள் குறையுது. யாப்பின்படி எட்டுப்பேர் வேணும். ஏழுபேர்தான் நிக்கினம்."

"அண்டைக்குத்தான் அண்ணை மனுசி வாறா. நாலு பத்துக்கு."

"போட்டி ஒரு மணிக்கு முடியுது. ஒண்டரைக்கு நீர் எயார்போட்டிலை நிப்பீர். அதுக்கு முதல் போய் நிண்டு தூணை எண்ணப்போறீரோ?"

இப்படித்தான் கஜீவன் எட்டாவது போட்டியாளன் ஆனான்.

கழகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் பதினொரு பேர், சாதாரண உறுப்பினர் ஏழு பேர். நிர்வாகிகள் தூண்டிலைத் தொடுவதில்லை, அது பதவிக்கு அழகல்ல என்பதால் மீன் பிடிக்கிற வேலை முழுவதும் அந்த ஏழு பேருடையது. யாப்பு நாற்பத்திரண்டு பக்கம். எழுதியவர் விமலநாதன். கனடாவுக்கு வருமுன் அவர் லண்டனில் இரண்டு வருடம் இருந்தவர். அங்கே ஒரு சின்னக் குளத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் வரிசையாகக் குந்தியிருந்து, மீனைப் பிடித்து, வலைக்கூட்டில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் நிறுத்து, எழுதி, திரும்பக் குளத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதைக் கண்டு மெய்சிலிர்த்துப் போனாராம். பசி இல்லாமல் மீன் பிடிக்கிற இனம்தான் உலகை ஆளும் என்பது அன்றிலிருந்து அவருடைய கொள்கை.

இந்த ஆங்கிலேயர்கள் மீனையும் இரண்டாக வகுத்து வைத்திருக்கிறார்கள். சீமான்கள் பிடிக்கும் மீன் ஒன்று, சாதாரண சனம் பிடிக்கும் மீன் மற்றொன்று. கழகம் எடுத்துக்கொண்டது இரண்டாவது வகையை. யாப்பின் முதற்பக்கத்தில் 'கழகம் எவ்விதச் சாதி வேறுபாடும் பாராட்டாது' என்று இருக்கிறது. நாலாம் பக்கத்தில், தூண்டிலில் தப்பித்தவறிச் சீமான் மீன் மாட்டினால் அதற்குப் புள்ளி கிடையாது என்று இருக்கிறது.

குளம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால், கத்தரின் என்ற வெள்ளைக்காரக் கிழவியின் பண்ணைக்குப் பின்னால் கிடந்தது. குளம் என்று சொன்னால் குளம் கோபிக்கக்கூடும், அவ்வளவு சின்னது. இரண்டு பட்மின்டன் மைதானத்தைச் சேர்த்துப் போட்டால் மூடிவிடலாம். ஆள் நடந்து போகிற தூரத்தில் பஸ் தரிப்பிடம் ஒன்றும் இல்லை. கஜீவன் அறைத் தோழனின் காரை இரவல் வாங்கி, பின் இருக்கையில் சாம்பவிக்கென்று ஒரு பூங்கொத்தை வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தான்.

வாசலில் ஒரு உண்டியல் இருந்தது.

தமிழ் விழாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. சாப்பாடு முடிந்த கையோடு சனம் கரைந்துவிடும். நன்றியுரைக்கு எழும்புகிறவருக்கு முன்னால் மடக்குக் கதிரைகள்தான் மிஞ்சும். விமலநாதன் இருபது வருடமாக மடக்குக் கதிரைகளுக்கு நன்றி சொல்லிக் களைத்தவர். அதனால் இந்த முறை கோயிலில் இருந்து பூட்டுப் போட்டு, முன்பக்கத்தில் போன் நுழையும் அளவுக்கு வாய் வைத்த எவர்சில்வர் உண்டியல் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். போட்டியாளர், நிர்வாகிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காரைப் பூட்டி, திறப்பை அதற்குள் போட வேண்டும். போனும் மீனைக் கலைக்கும் என்பதால் போனையும் போட வேண்டும். நன்றியுரை முடிந்த பிறகுதான் உண்டியல் திறக்கப்படும். தலைவர் முன்மாதிரியாகத் தன்னுடைய திறப்புக் கோர்வையையும் போனையும் முதலில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பொருளாளர் சிவநேசம், கழகத்திடம் வேறு பொருள் எதுவும் இல்லாதபடியால், ஒரு மெத்தையைப் போட்டு உண்டியலின் மேல் ஏறி அமர்ந்துகொண்டார்.

கஜீவன் தன் திறப்பையும் போனையும் போட்டபோது 'ணங்' என்று கேட்டது. அவன் குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தான். ஆனாலும் ஒரு மணிக்கு முடிகிற போட்டிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

கரையைச் சுற்றி எட்டு மரமுளைகள் அடித்திருந்தார்கள். ஆளுக்கொரு முளை. முளையிலிருந்து மூன்றடிக்கு மேல் விலகினால் தகுதியிழப்பு. மீன் பட்டால் சிவப்புக் கொடியையும், ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் பச்சைக் கொடியையும் உயர்த்த வேண்டும். வேறு தேவைக்குக் கொடி இல்லை. கஜீவன் எட்டாம் முளையில் போய், கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றான்.

ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்கவில்லை. பிரதம விருந்தினர் வரவில்லை. சென்ட்-ஆன் விவசாய வளாகத்திலிருந்து முகமது யாசின் என்ற மீனியல் விஞ்ஞானி வந்து மங்கள விளக்கேற்றி, நடுவராகவும் இருப்பார் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. தலைவர் பாதையைப் பார்த்தபடி நின்றார். பத்தரைக்கு ஒலிபெருக்கியில், "விஞ்ஞானிகள் நேரத்தை மறந்தவர்கள். அதுதான் அவர்களின் மேதைமை," என்று அறிவித்தார். பதினொன்றரைக்குக் கஜீவன் பச்சைக் கொடியை உயர்த்தினான். ஒரு நிர்வாகியின் காவலோடு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டு வரும்போது, காலையிலிருந்து கதிரை சுமந்து வியர்த்துப்போய் ஒரு பொடியன் உட்கார்ந்திருந்ததைக் கண்டான்.

"தம்பி ஆர்?" என்று கேட்டான்.

"முகமது யாசின்ணே. எட்டே முக்காலுக்கே வந்துட்டேன். சைக்கிள்ல வந்தேனா, ஒருத்தர் வந்து கதிரையெல்லாம் இறக்குன்னாரு. இறக்கிட்டேன். அப்புறம் பந்தல் கயிறு கட்டச் சொன்னாங்க. விளக்கு எப்ப ஏத்தணும்ணே?"

சைக்கிளில் வருகிறவர் பிரதம விருந்தினராக இருக்க முடியாது என்பது நிர்வாகிகளுக்குப் பிறவியிலேயே தெரிந்த விஷயம். உண்மை வெளிப்பட்டதும் யாசினுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் அவனைக் கட்டித் தழுவி, "எளிமையின் சிகரம்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். காற்றில் விளக்கு ஐந்து தரம் அணைந்தது. ஆறாம் தரம் ஏற்றி, பிரமுகர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் முடிந்து விசில் ஊதியபோது பன்னிரண்டு பத்து.

போட்டி நாலு மணித்தியாலம். யாப்பில் அதில் ஒரு நிமிடம் குறைக்க இடமில்லை. கஜீவன் விரல்விட்டு எண்ணினான். எந்த விரலால் எண்ணினாலும் நாலு பத்துக்குத்தான் வந்து நின்றது. குடிவரவு அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களை ஒரு மணித்தியாலமாவது வைத்திருப்பார்கள், ஓடினால் பிடிக்கலாம் என்று நினைத்தான். அதேநேரம் தலைவர் கரையைச் சுற்றி ஊர்வலம் வந்தார்.

"அண்ணை, நான் ஒரு மூண்டரைக்கு..."

"தம்பி, நீர் போனால் ஏழுபேர். ஏழுபேர் எண்டால் இது போட்டியில்லை, பிக்னிக். லண்டனிலை ஒருத்தன் முளையிலையே செத்துப்போனான். விசில் ஊதும்வரைக்கும் அவனை ஒருத்தரும் அசைக்கேல்லை. அவ்வளவு கட்டுப்பாடு."

"மனுசி தனிய வந்து நிப்பா அண்ணை."

"உம்மடை மனுசி மூண்டு வருசம் காத்திருந்தவ. பழக்கப்பட்ட ஆள். புதுசாய் என்ன?" என்று சொல்லி அவன் தோளில் தட்டிவிட்டு ஏழாம் முளைக்குப் போனார்.

கஜீவன் புழுவைக் கொழுவினான். புழுவும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற முளைகளில் சிவப்புக் கொடிகள் எழும்பின. ஒவ்வொரு மீனுக்கும் யாசின் ஓடிவந்து, நீளத்தை அளந்து, இனத்தைச் சொல்ல வேண்டும். அவன் சொன்ன இனங்கள் இரண்டே இரண்டு: பெரிசு, சிறிசு. நிர்வாகி அதைப் பக்தியோடு எழுதிக்கொண்டார். மீன்கள், பந்தலுக்குப் பின்னால் முளைக்கொன்றாகத் தண்ணீருக்குள் தொங்கிய வலைக்கூடுகளுக்குள் போயின. ஒரு மணியளவில் கஜீவனுக்கும் விரல் நீளத்தில் ஒரு கெளுத்தி மாட்டியது. அவனுக்கு அந்த மீனைக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் யாப்பின் பதினேழாம் விதி, 'ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு மீனாவது பிடிக்கும்வரை போட்டி முடிவடையாது' என்கிறது. அதற்குச் சமத்துவ விதி என்று பெயர். ஒத்திகையின்போது மீன் கிடைக்காத ஒருவர் கோபித்துக்கொண்டு போய்ப் பக்கத்து நகரமான லவாலில் போட்டிக் கழகம் தொடங்கிய பிறகு சேர்த்த விதி அது.

இரண்டரைக்கு உணவு இடைவேளை. இடைவேளையில் போட்டியின் மணிக்கூடு நிறுத்தப்படும் என்று அப்போதுதான் அறிவித்தார்கள். முளையை விட்டு வர அனுமதி உண்டு.

சாப்பாட்டுக்குப் பொறுப்பு தலைவரின் மனைவி நல்லம்மா. சோறும் பருப்பும் கத்தரிக்காயும் என்றுதான் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஆனால் பந்தலுக்குக் கிட்டப் போகும்போதே புளியும் வெந்தயமும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. நல்ல உறைப்பான மீன்குழம்பு. சனம் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வாங்கிச் சாப்பிட்டது. தலைவர் ஒரு கையில் தட்டும் மறு கையில் ஒலிவாங்கியுமாக எழும்பினார்.

"அன்பர்களே! இண்டைக்கு நாங்கள் உலகத்துக்கு ஒண்டைக் காட்டியிருக்கிறம். மீனைக் கண்டவுடனை வாயூறுற இனமல்ல நாங்கள். மீனும் எங்கடை போட்டியாளரே! அதுக்கும் குடும்பம் இருக்கு, உணர்ச்சி இருக்கு. ஒரு செதிலுக்குக் கூடச் சேதமில்லாமல் அதை அதின்ரை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற நாகரிகம் எங்களுக்கு வந்திட்டுது." ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நல்லம்மா, இந்தத் தலையை இஞ்சாலை வையும்."

மூன்றே காலுக்கு முளைக்குத் திரும்பும் வழியில் எல்லோரும் பந்தலுக்குப் பின்னால் தங்கள் வலைக்கூடுகளைப் பார்க்கப் போனார்கள். முதலாம் முளைக்காரர் வலைக்கூட்டைத் தூக்கினார். தண்ணீர் வடிந்தது. வேறொன்றும் இல்லை. இரண்டாம் கூட்டிலும் தண்ணீர்தான். எட்டாம் கூடு வரை தண்ணீர்தான்.

"ஏன் எல்லாரும் முழிக்கிறியள்?" என்றாள் நல்லம்மா, கையைச் சேலையில் துடைத்தபடி. "மத்தியானம் பிடிச்ச மீனை இந்த வெய்யிலுக்குள்ளை தண்ணியிலை ஊறப்போட்டிருக்கிறியள். நாறிப்போகாதோ? ஆருக்கும் யோசினை இருக்கோ? நானெல்லோ தனியக் குந்தியிருந்து வெட்டினனான். அந்தக் கெளுத்தி எவ்வளவு வழுவழுப்பு, தெரியுமோ?"

"விடுறதுக்கு, நல்லம்மா! திருப்பிக் குளத்திலை விடுறதுக்கு வைச்சிருந்தது!"

"பிடிச்சதைத் திருப்பி விடுறதோ?" அவள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆருக்கு விசர்?"

நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. சாப்பிட்ட மீனை எப்படி நிறுப்பது என்பது பிரச்சினை. பாத்திரத்தில் மிஞ்சிய குழம்பை நிறுத்து எட்டால் பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முள்ளுகளைச் சேர்த்து, எந்த முள் எந்த முளைக்கு உரியது என்று விஞ்ஞானியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்றார் இன்னொருவர். இந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாசினை ஒரு தாச்சி முள்ளுக்கு முன்னால் இருத்தினார்கள்.

"சார், நான் முதல்லேருந்து சொல்லணும்னு பார்க்குறேன். நான் மீன் படிக்கலை. மண்ணு படிக்கிறேன். மண்வள ஆராய்ச்சி."

தலைவர் தாச்சியை அவன் பக்கம் இன்னும் கிட்டத் தள்ளினார். "மீனும் கடைசியிலை மண்ணுக்குத்தானே போகுது. பாத்துச் சொல்லும்."

யாசின் பார்த்தான். முள் முள்ளாகவே இருந்தது. ஆகவே தலைவர் தீர்ப்பு வழங்கினார்: பதிவேட்டில் மீன் உண்டு, குளத்தில் மீன் இல்லை, எனவே சட்டப்படி யாரும் மீன் பிடிக்கவில்லை. சமத்துவ விதி அமுலுக்கு வருகிறது. எட்டுப் பேரும் மறுபடி ஆளுக்கொரு மீனாவது பிடிக்க வேண்டும்.

குளத்தில் இருந்த மீன் கிட்டத்தட்ட முழுவதும் அவர்களின் வயிற்றுக்குள் இருந்தது. எட்டுத் தூண்டிலும் அசையாமல் நின்றன. நாலு மணி. மேற்கே இருந்து ஒரு விமானம் சக்கரங்களை விரித்தபடி பண்ணைக்கு மேலால் தாழ்ந்து வந்தது. அது எந்த ஊர் விமானமோ, எவருடைய மனைவி அதற்குள் இருந்தாளோ, கஜீவனுக்குத் தெரியாது. அவன் தூண்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தி ஆட்டினான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஆட்டினான். நிர்வாகி ஒருவர் ஓடிவந்து, "என்ன கொடி?" என்று கேட்டார்.

ஐந்து மணிக்குப் பெரும்பாலானோர் கண்ணயர்ந்துவிட்டார்கள். ஐந்து இருபதுக்குச் சிவநேசம் திடீரென்று தேள் கொட்டியவர் போலத் துள்ளி எழும்பினார். அவருக்குக் கீழே உண்டியல் மணியடித்தது. எவர்சில்வருக்குள் முப்பது திறப்புகளுக்கு நடுவில் அந்த ஓசை கோயில் மணி மாதிரிக் கேட்டது.

"அது என்ரை போன்!" கஜீவன் தூண்டிலை எறிந்துவிட்டு ஓடிவந்தான். மூன்றடி எப்போதோ போய்விட்டது. "என்ரை மனுசி! அண்ணை, திறவுங்கோ!"

அத்தனை பேரும் தலைவரைப் பார்த்தார்கள். விமலநாதனும் மனிதர்தான். ஒரு கணம் அவருடைய முகம் இளகியது. "விசேட சந்தர்ப்பம். யாப்பின் முப்பத்தொன்பதாம் விதியின்கீழ் திறக்கலாம்," என்று சொல்லி மடியைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு இரண்டு கையும் அப்படியே நின்றன. உண்டியல் பூட்டின் திறப்பு அவருடைய கோர்வையில் இருந்தது. கோர்வை, முன்மாதிரியாக, முதலில் உள்ளே போயிருந்தது.

மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது.

கஜீவன் மண்டியிட்டு உண்டியலின் வாயில் தன் வாயை வைத்தான். "சாம்பவி! நான் இஞ்சை நிக்கிறன்! வாறன்! ஒரு இடமும் போகாதையும்!" அவனுடைய குரல்தான் உள்ளே சுற்றித் திரும்பி அவன் முகத்தில் அடித்தது. யாசின் பக்கத்தில் வந்து குந்தி, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். எட்டவில்லை. பூட்டை உடைப்போம் என்று யாரோ சொல்ல, தலைவர் பதறினார்.

"கோயில் உண்டியலை உடைக்கிறதோ? அதுக்குப் பரிபாலன சபை கூட வேணும். அடுத்த கூட்டம் ஆவணியிலை."

அந்த நேரம் பண்ணைக்காரி கத்தரின் தன்னுடைய பழைய பிக்கப்பில் வந்து நின்றாள். அவர்கள் இரண்டு மணிக்கே போயிருக்க வேண்டியவர்கள், இன்னும் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்கத்தான் வந்தாள். மண்டியிட்டு ஒரு பெட்டியோடு கதைத்துக்கொண்டிருந்த மனிதனைக் கண்டதும் கேள்வியை மறந்துவிட்டாள். கஜீவன் எழும்பி, பெட்டி தூக்குமிடத்தில் படித்த பிரெஞ்சில் மனைவி, விமானநிலையம் என்ற இரண்டு சொல்லை மட்டும் சொன்னான். கிழவி அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் ஏறப்போனான். பின்னால் மணி மூன்றாம் தரம் அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை அங்கே விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. திரும்பி வந்தான். தினமும் இருநூறு பெட்டி தூக்குகிறவன், உண்டியலையும் ஒரு பெட்டியாக நினைத்துத் தோளில் தூக்கினான்.

"தம்பி! உண்டியலை வையும்! அது கழகத்தின்ரை சொத்து!"

"கோயில் சொத்து," என்று சிவநேசம் திருத்தினார்.

"நீர் போனால் எட்டுப்பேர் இல்லை! எட்டுப்பேர் இல்லையெண்டால் இண்டைக்கு இஞ்சை ஒண்டும் நடக்கேல்லை! விளங்குதோ? மூண்டு நாள் லீவை மறவும்! பனிக்காலம் முழுக்க உமக்கு இரவு வேலைதான்!"

"போடுங்கோ அண்ணை," என்றான் கஜீவன். அவனுக்குக் குரல் நடுங்கியது. ஆனால் உண்டியல் நடுங்கவில்லை. பிக்கப்பின் பின்தட்டில் வைத்துவிட்டு அவனும் அதற்குப் பக்கத்திலேயே ஏறிக்கொண்டான்.

கத்தரின் வண்டியைத் திருப்பினாள். முப்பது பேர் கரையில் நின்றார்கள். முப்பது கார்கள் பூட்டிக் கிடந்தன. சைக்கிளில் வந்த யாசினைத் தவிர ஒருவராலும் ஓரிடமும் போக முடியாது என்பது முதலில் விளங்கியது விமலநாதனுக்குத்தான். வண்டி பண்ணை வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கி கரகரத்துக் கேட்டது. "இறுதி நிகழ்ச்சியாக நன்றியுரை." இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியும் காலியாகாத நன்றியுரை அது. அன்று அவர் ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் பேசினார் என்று பிறகு யாசின் சொன்னான். புழு விற்றவருக்கும் நன்றி சொன்னாராம்.

விமானநிலைய வருகை வாசலில் கஜீவன் உண்டியலோடு இறங்கி ஓடினான். கண்ணாடிக் கதவைத் தாண்டி நாலு அடி வைத்திருப்பான், தோளில் மணி அடித்தது. பூட்டிய பெட்டி ஒன்று விமானநிலையத்துக்குள் தானாக மணியடித்தால் என்ன நடக்கும் என்பது அங்கே வேலை செய்கிறவனுக்கு மற்றவர்களை விட நன்றாகவே தெரியும். அவன் உண்டியலை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒருத்தி எலிசா. வேலைக்கு வரும் வாசலில் தினமும் அவனுக்கு போன்ஷூர் சொல்கிறவள். அன்று சொல்லவில்லை.

"உள்ளே என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"திறப்புகள். போன்கள்."

"திற."

"இதன் திறப்பும் உள்ளேதான்."

எலிசா அவனுடைய முகத்தையும் உண்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள். மற்றக் காவலர் இடுப்பில் இருந்த வானொலியை எடுத்தார். மணி நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. மண்டபத்தின் மறுகோடியில் பொதுத் தொலைபேசிக்கு முன்னால், ஒரு சிவப்புச் சூட்கேசில் முழங்காலை முண்டு கொடுத்துக்கொண்டு, காதில் ரிசீவரோடு ஒருத்தி நின்றாள். கஜீவன் கையை இறக்காமலே முகத்தால் அங்கே காட்டினான். அவள் ரிசீவரை வைத்தாள், உண்டியல் ஓய்ந்தது. இன்னொரு நாணயத்தைப் போட்டு எண்ணை அழுத்தினாள், உண்டியல் அலறியது. மற்றக் காவலர் வானொலியைத் திரும்ப இடுப்பில் செருகினார். எலிசா போய் அவளுடைய தோளைத் தொட்டு இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

சாம்பவி சூட்கேசை இழுத்துக்கொண்டு நடந்து வந்தாள். மூன்று வருடத்தில் மெலிந்திருந்தாள். கிட்ட வந்து நின்று அவனைப் பார்த்தாள். அவனுடைய சப்பாத்தில் சேறு, சட்டையில் புளிக்குழம்பு, கையில் இன்னும் புழுவின் மண்.

"ஏன் எடுக்கேல்லை?" என்றாள்.

"எடுக்கேலாது. உள்ளுக்கை கிடக்கு."

"மீன் மணக்குது உங்களிலை."

அவன் சொல்லத் தொடங்கினான். முளை, கொடி, நல்லம்மா, சமத்துவ விதி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே அப்போதுதான் முழுதாக விளங்கியது. பாதியில் அழுகை வந்துவிட்டது. பெட்டி தள்ளிக்கொண்டு போன சனம் விலகிப் போனது.

"வெளியிலை வந்து பாத்தால் ஒருத்தரும் இல்லை," என்றாள் அவள். "நீங்கள் வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டியள் எண்டுதான் நினைச்சன். எந்தப் பிளேனிலை திரும்பிப் போறதெண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன்."

அவன் சூட்கேசின் கைபிடியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"பயந்து போனன்," என்றாள். அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்து, முப்பது மணித்தியாலப் பயணத்தில் வீங்கிப்போன காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள்.

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ தெரியாது," என்றான்.

உண்டியலுக்குள் ஒரு போன் அடித்தது. இது வேறு ராகம். அது முடிய முன்னம் இன்னொன்று தொடங்கியது. பிறகு மூன்று நாலு ஒன்றாக. நன்றியுரைக்குள் சிக்கியவர்களின் வீடுகள் அவர்களைத் தேடத் தொடங்கிவிட்டன.

"அவையளுக்குத் திறப்புக் கொண்டுபோய்க் குடுக்க வேண்டாமோ?" என்று கேட்டாள் சாம்பவி.

"குடுக்கத்தான் வேணும்."

அவள் இரண்டு காலையும் தூக்கி உண்டியலின் மேல் நீட்டிக்கொண்டாள். குளிர்ந்த எவர்சில்வர் இதமாக இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேந்து பாப்பம்," என்றாள். "அடிக்கட்டும்."